தினைக் கொல்லையில் கிடார்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதுவரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் கேட்ட ஒரு பழைய ஹெவி மெட்டல் பாட்டை கிடாரில் வாசிக்க ஆசைப்பட்டு, பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை யாருக்கும் தெரியாமல் வாங்கினேன். நாற்பத்தெட்டு வயதில் ஊர் சிரிக்குமே என்று கூச்சம். தினைக் கொல்லையில் கிளி விரட்டப் பரண் ஏறும்போது கிடாரையும் பேட்டரி ஸ்பீக்கரையும் சாக்கில் சுற்றி எடுத்துப்போவேன். யாருக்கும் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்துப் பழகுவேன். தகரம் தட்டவேண்டிய கையில் கிடார் இருந்ததால் கிளிகள் நிம்மதியாகத் தின்றன. இந்த வருடம் கிளி அதிகம் என்று வீட்டில் பொய் சொன்னேன்.

ஒரு நாள் கூழ் கொண்டுவந்த மனைவி பார்த்துவிட்டாள்.

"பாதித் தினை பூடுச்சே! இன்னாய்யா பண்ணினு கீற?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலை குனிந்தேன். அவள் கதிர்களைப் பார்த்தாள், பிறகு கிடாரைப் பார்த்தாள்.

"கிளிக்குத் தாலாட்டா பாடுற? சத்தமா வாசிய்யா!"

ஸ்பீக்கரை முழுதும் திருகினேன். எப்போதும் தடுக்கும் வேகமான இடத்தில்கூட அன்று விரல் நிற்கவில்லை. கிளிக்கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தது. பக்கத்துக் கொல்லையிலிருந்து மச்சான் கத்தினார்: "மாமா, அந்த ஸ்பீக்கர இந்தாண்ட கொஞ்சம் திருப்பி வையி!"

மிச்சத் தினை வீடு வந்து சேர்ந்தது. படிப்பில்லாததால்தான் பாட்டு விரலுக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன். ஓங்கி வாசிக்கவேண்டியதை ஒளிந்து வாசித்ததுதான் என் தவறு. இப்போது ஊர் கேட்கவே வாசிக்கிறேன்.

இதை எழுதி முடித்த நாள், தை ஐந்தாம் தேதி.