உள்பக்கத்து மரம்

ஈட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது யாரோ தெரியாது, கச்சிதமாகத்தான் வைத்திருந்தார்கள். அவர் செய்யும் கிட்டார்களுக்கெல்லாம் பக்கப் பலகை ஈட்டி மரம்தான். பேச்சும் ஏறக்குறைய அப்படித்தான், குத்தும். மனுஷர் கெட்டவரில்லை. ஆனால் மரம் விஷயத்தில் யாராவது யோசனை சொன்னால், காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் தன் இஷ்டப்படிதான் செய்வார்.

அவருடைய ஒரே தங்கை சின்ன வயதிலிருந்தே கிட்டார் வாசிப்பவள். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தபோது, அவளுடைய பழைய கிட்டாரின் பக்கப் பலகை வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. "விடு, நான் செஞ்சு தர்றேன்" என்றார் அண்ணன். இந்தத் தடவை ஒற்றைப் பலகை கிடையாது. இரண்டு மெல்லிய மரத் தகடுகளைப் பசை போட்டு அச்சில் வளைத்து ஒட்டிய இரட்டைப் பலகை. லேசில் வெடிக்காது. வெளியே ஈட்டி, அதில் பேச்சே இல்லை. உள்ளே எந்த மரம் என்பதுதான் கேள்வி.

"உள்ளுக்கு ஏதாவது லேசான மரமா வைண்ணா. இடது தொடையில வச்சுத்தானே வாசிக்கணும், இடுப்பு தாங்கணுமே" என்று போனில் சொன்னாள். சரி சரி என்றார்.

பட்டறையில் லேசான சைப்ரஸ், நடுத்தரமான மேப்பிள், கனத்த ஈட்டி என்று மூன்று தகடுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் இரு விரலால் மூலையில் தூக்கிப் பிடித்து, காதருகே வைத்து, விரல் முட்டியால் தட்டினார். சைப்ரஸ் அட்டைப் பெட்டி மாதிரி டொப்பென்றது. மேப்பிள் பரவாயில்லை. ஈட்டியோ மணி மாதிரி நின்று ஒலித்தது. அவ்வளவுதான், மனுஷர் சொக்கிப் போனார். சைப்ரஸும் ஒட்டியபின் நன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கூடப் பிறந்தவளுக்குப் போய் ரெண்டாந்தரமா என்று, உள்ளேயும் ஈட்டியையே வைத்து ஒட்டிவிட்டார்.

கிட்டாரைக் கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தங்கையும் பட்டறையிலேயே ஒரு பாட்டு வாசித்தாள். கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் போனில் விசாரிக்கும்போதெல்லாம் "அதுக்கென்னண்ணா, அருமையா இருக்கு" என்பாள். அவருக்கும் தலைகால் புரியாது.

ஒரு வருஷம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போக வாய்த்தது. அவள் டீயை நீட்டியபோது வலது கையைப் பார்த்தார். கம்பி மீட்டுவதற்காக எத்தனையோ வருஷம் வளர்த்து, தேய்த்து, பொத்திப் பொத்திக் காப்பாற்றிய நகங்கள். எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தன.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேண்ணா. மொதல்லயே சொன்னேன்." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ மரத்தத்தான் தட்டித் தட்டிக் கேட்ட."

உள்பக்கத்தைச் சீவி எடை குறைத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்கே உறைத்தது. அவர் போட்ட பசை லேசுப்பட்டதில்லை. இரண்டு மரமும் இனி ஒன்றுதான், சீவினால் பொத்துக்கொள்ளும். புதிதாக ஒன்று, சைப்ரஸ் வைத்து என்றார். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். கை விட்டுப்போய்விட்டது, ஆசையும் அடங்கிவிட்டது, வாசிக்கிறவர்கள் யாருக்காவது கொடு என்று கிட்டாரைத் துணி உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். பாவி, ஒரு தடவை அவள் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று வாசல்படி இறங்கும்போதே மனசு அடித்துக்கொண்டது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கிட்டாரை வைக்க இடமில்லை, இடது தொடைமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். கம்பி கட்டிச் சுதி பார்க்கும் நேரம் தவிர, தான் செய்த எதையும் அவர் மடியில் வைத்திருந்ததே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். அவர் இறங்குமிடம் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப் போயிருந்தது.

சீக்கிரம் இறங்குங்க என்று கண்டக்டர் அதட்டினார்.

"ஒரு நிமிஷம் இருப்பா" என்றார் ஈட்டிக்காரர், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "கனமா இருக்கு."