புகை எண்ணூர்ப் பக்கம் சாய்ந்தால்

தோட்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கொஞ்சம் மணல், அதில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய ஒரு பந்தல், அவ்வளவுதான். வருஷா வருஷம் மாசியில் அம்மா அங்கே காராமணி போடுவாள். அந்த மணலில் அது எப்படித்தான் காய்த்ததோ, கோடை முழுக்க எங்கள் குழம்பில் அதுதான் கிடக்கும்.

எப்போது விதைப்பது என்பதற்கு அம்மா பஞ்சாங்கம் பார்க்கமாட்டாள். நைனா வேலை செய்த கம்பெனியின் புகைபோக்கியைப் பார்ப்பாள். வாடைக்காற்று அடிக்கும்வரை புகை ராயபுரம் பக்கம் சாயும். தென்றல் தலைகாட்டியதும் அப்படியே திரும்பி எண்ணூர்ப் பக்கம் போகும். போனால் விதை போடலாம். போகாவிட்டால் யார் வந்து சொன்னாலும் போடக்கூடாது. நைனா அங்கே பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ஆகவே அது என் நைனாவின் புகை என்று எனக்கு ஒரு கர்வம். புகை திரும்பியதைப் பார்த்து வந்து சொல்லும் உத்தியோகமும் என்னுடையதுதான்.

விதைக்காராமணியை அடுப்புச் சாம்பலில் புரட்டி ஒரு சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, உறியில் வைத்திருப்பாள். சாம்பல் இருந்தால் வண்டு வராதாம். நல்ல வெள்ளைக் காராமணி, கறுப்புக் கண்ணோடு.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் கூலித் தகராறில் கம்பெனிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நைனா தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டில் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. மாசி பிறந்தும் விதை போடவில்லை.

"எப்பம்மா வெத போடுவே?"

"பொக திரும்பட்டும்."

"பொகயே இல்லியே. அப்புறம் எப்டித் திரும்பும்?"

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள்.

எனக்கு வக்கீல் புத்தி. பக்கத்து வீட்டு மாமா கடலுக்குப் போகிறவர். காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாததா? கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"வாடை நின்னுபோச்சி தங்கச்சி. தென்றல் வந்துகினு கீது" என்று சாட்சி சொன்னார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னிக்கி கீழ்நோக்கு நாளுண்ணா. கெழங்குதான் போடலாம்" என்றாள்.

அவர் சட்டியைப் பார்த்தார், அணைந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இப்படிக் கட்சி மாறிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது திருவொற்றியூர்க் கோயிலில் மாசி உற்சவம். ஒரு சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்தபோது தட்டில் காராமணிச் சுண்டல் இருந்தது. கோயிலில் கொடுத்தார்கள் என்றாள் அம்மா. அவ்வளவு தூரம் வந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாமியின் மகிமை என்று நினைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றேன். பல்லில் ஏதோ நறநறவென்றது.

"இன்னாம்மா, சாம்பலா கீது?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனாதான் பேசினார். "சாம்பல் இல்லடி, துண்ணூறு. சாமிகிட்டேர்ந்து வந்துச்சில்ல, அதான். நெத்தியில வெச்சிக்க."

தட்டின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பக்தியோடு பூசிக்கொண்டேன். நைனா தன் தட்டை அம்மா பக்கம் தள்ளினார். "நான் கோயில்லியே துன்ட்டேன்" என்று அவள் திருப்பித் தள்ளினாள். தட்டு இப்படியும் அப்படியுமாகப் போய்வந்ததைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு.

அதற்கப்புறம் அம்மாவிடம் சட்டங்கள் பெருகிவிட்டன. தேய்பிறையில் போடக்கூடாது. செவ்வாயில் கூடாது. வெள்ளிக்கிழமை விதையை வீட்டைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது. எனக்கு எட்டாதபடி உறியையும் உயர்த்திக் கட்டிவிட்டாள். அம்மாவுக்கு என்மேல் ஆசையே இல்லை என்று முடிவு செய்து, பந்தலடியில் உட்கார்ந்து அழுதேன். அப்படி அழுதது பசியாலும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பங்குனியில் ஒரு காலை, புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழும்பியது. கம்பெனி திறந்துவிட்டது. கொஞ்ச நேரம் நேராக நின்ற புகை, மெல்ல வடக்கே சாய்ந்தது.

"எண்ணூரு பக்கம்மா! எண்ணூரு பக்கம்!" என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா வெளியே வந்து அந்தப் புகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கிப் போடலாம்" என்றாள். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு மாமாவின் சம்சாரத்தோடு கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போய்வந்தாள்.

மறுநாள் சட்டி கீழே இறங்கியது. சாம்பலுக்குள் கையை விட்டு எடுத்தால் சிவப்புக் காராமணி!

"நம்புள்து வெள்ளைதானே?"

"ரொம்ப நாளு சாம்பல்ல கெடந்தா செவந்துடும்" என்றாள் அம்மா. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நைனா, போட்ட பொத்தானையே மறுபடி கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கொடி நன்றாகவே படர்ந்தது. சாம்பலில் கிடந்தால் காராமணி சிவக்கும் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். நம்பாதவர்களோடு சண்டைக்கும் போனேன். அன்று பிரசாதம் என்று நான் தின்றதும், திருநீறு என்று நெற்றியில் பூசிக்கொண்டதும் எங்கள் வீட்டு உறியிலிருந்து இறங்கியவைதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மா அன்று எந்தக் கோயிலுக்கும் போகவில்லை, எதையும் தின்னவுமில்லை என்பதும் தெரியவில்லை.