அருமனையில் ஐந்தாவது கேள்வி

"எந்தப் பத்திரிகை உங்கள் பக்கம் நிற்கிறது?" எங்கள் கல்லூரிப் பேராசிரியர் தயாரித்த கேள்வித்தாளில் இது ஐந்தாவது கேள்வி. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகைகள் மக்கள் மனத்தை எப்படி மாற்றுகின்றன என்று அவருக்கு ஆராய வேண்டும். அதற்காக நாகர்கோவிலிலிருந்து அருமனைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே நான் போக வேண்டும்.

அங்கே ஒரு சாயாக்கடையில் இருந்த அத்தனை பேரும் இணைப்புக்காகக் கோஷம் போடுகிறவர்கள். அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: திருவனந்தபுரத்து மலையாளப் பத்திரிகை. அதுவோ இணைப்பை நாள்தோறும் திட்டித் தீர்க்கிற பத்திரிகை!

"வீட்டுல இருந்தே எழுதிட்டு வந்தியாடே?" என்று பேராசிரியர் தாள்களை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். திரும்பப் போனேன். அதே பதில், திரும்ப அதே வசவு.

மூன்றாம் முறை விடிந்ததும் போய் அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பத்திரிகையை விரித்து, எழுத்தறியாத ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் உரக்க வாசித்தார். பள்ளியில் மலையாளம் படித்தவன் நான், எட்டிப் பார்த்தேன். தலையங்கம் இணைப்பு கேட்கிற எங்களைத் துரோகிகள் என்றது. அவர் வாயில் அது வீரர்கள் என்று வந்தது.

ஆட்கள் வேலைக்குப் போனதும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணாச்சி, அதுல அப்பிடியா எழுதியிருக்கு?"

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எழுதுனவனுக்குத்தான் புத்தியில்ல மக்கா. வாசிக்கியவனுக்காவது வேண்டாமா?"