எட்டில் செவ்வாயைக் கொண்டுபோய் வைத்தவன்

அலுவலகத்தில் என்னோடு வேலைசெய்யும் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அம்மா ஒரே நிபந்தனைதான் வைத்தார்: சாதகக் குறிப்புப் பொருந்த வேண்டும். அவளுடைய குறிப்பு போர்க்கால இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிறந்த நேரத்தைக் கொடுத்துப் புதிதாக எழுதுவிக்க அம்மா உடுப்பிட்டிச் சாத்திரியாரிடம் போயிருந்தார். சாத்திரியார் கணினியில்தான் குறிப்பு எழுதுவார். அந்தக் கணினிக்கு வைத்தியன் நான்.

யாழ்ப்பாண அலுவலகத்தில் எனக்குக் கதிரை சுட்டது. எழும்பினேன், இருந்தேன், குடித்த தேத்தண்ணீரையே திரும்பவும் குடித்தேன். அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, அவளுக்கு எட்டிலை செவ்வாயாம். இதோடை விட்டிடு."

பக்கத்து மேசையில் இருந்த அவளிடமே சொன்னேன். அவள் அழவில்லை.

"போன கிழமை அந்தக் கணினியிலை என்ன செய்தனீர்?"

"ஒண்டும் பெரிசா இல்லை..."

"உம்மடை 'பெரிசா இல்லை' எனக்குத் தெரியும். சொல்லும்."

சொன்னேன். வெளிநாட்டு ஆட்களோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று சாத்திரியார் கேட்டதால் கணினியில் எல்லாவற்றையும் புதுப்பித்தேன். குறிப்பு மென்பொருள் கிரகக் கணக்கைத் தானே போடுவதில்லை; பல மென்பொருள்களுக்கும் பொதுவான ஒரு நூலகக் கோப்பிடம் கேட்டு வாங்கும். அந்த நூலகமும் புதிய பதிப்பாகிவிட, பழையதைக் காணவில்லை என்று மென்பொருள் திறக்க மறுத்தது. நான் புதிய கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டினேன். திறந்தது. சாத்திரியார் வீட்டு வடையைத் தின்றுவிட்டு வீரனாகத் திரும்பினேன்.

"பேரை மாத்தினா குணம் மாறுமோ? உடனை உடுப்பிட்டிக்கு ஓடும்!" என்றாள்.

போகும் வழியில் சந்தை நெரிசலில் மோட்டார் சைக்கிள் நகரவில்லை. நான் மட்டும் அதன்மேல் துள்ளிக்கொண்டிருந்தேன்.

உடுப்பிட்டியில் அம்மா கைப்பையோடு புறப்பட ஆயத்தமாக நின்றார்.

"ஐயா, உங்கடை பிறந்த நேரத்தைப் போட்டுப் பாருங்கோ," என்றேன் சாத்திரியாரிடம்.

சாத்திரியார் தன் சிம்ம லக்கினத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவர். திரையில் விருச்சிகம் வந்தது.

"அடேய்! சிங்கத்தைத் தேளாக்கிப் போட்டியே!"

பழைய பதிப்பு நம்முடைய ஊர் நேரத்தை வாங்கும். புதியது லண்டன் நேரத்தை எதிர்பார்க்கும். அந்தக் கிழமை குறிப்பு எழுதுவித்த எல்லாரையும் விசா இல்லாமலே லண்டனில் பிறக்கவைத்திருந்தேன். நட்சத்திரம் மாறாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பழைய நூலகத்தைத் தேடியெடுத்து, தனிக் கோப்புறையில் வைத்து, குறிப்பு மென்பொருளை மட்டும் அங்கே பார்க்கச் சொன்னேன். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை பிழையாக அடித்தேன். சிங்கம் திரும்பி வந்தது. பிறகு அவளுடைய நேரம். செவ்வாய் பதினொன்றில் இருந்தது; தோஷமில்லை.

அம்மா கைப்பையை விடவில்லை. "உவன் தனக்கு வசதியாச் செவ்வாயைத் தள்ளி வைச்சிருப்பான், ஐயா."

"உவனுக்கு அந்தளவு கெட்டித்தனம் இல்லை, பிள்ளை," என்றார் சாத்திரியார். "என்னைத் தேளாக்கினதே தெரியாமல் வடை திண்டிட்டுப் போனவன்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சிறந்த நற்சான்று அதுதான். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார், நம்பிவிட்டார். கைப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப பெண் கேட்டு அவை வீட்டை எப்ப போறது?"

வெளியே ஓடிப்போய் அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"சரி," என்றாள். "இனி நம்மடை வீட்டுக் கணினியிலை நீர் கை வைக்கக் கூடாது."

ஓம் என்றேன். நிபந்தனை இரண்டாகிவிட்டது.