யூக்ளினா சைவமா?

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில் எனக்குச் செய்முறைத் தேர்வில் ஒரு அரியர் விழுந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நுண்ணோக்கியைக் காட்டி, இது என்ன, எப்படி நகரும் என்று கேட்டார். எல்லாம் தெரியும். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். வீட்டில், பாடம் ரொம்பக் கஷ்டம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு பொய்யால் அம்மாவுக்கு வந்த கால்வலி கொஞ்சநஞ்சமல்ல.

பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா முடிவுகட்டினாள். ஏழு பௌர்ணமி வெறுங்காலோடு அண்ணாமலையைச் சுற்றுவதாகவும், ஏழாவது சுற்று முடிந்து கோயிலில் விளக்கேற்றும்வரை கவிச்சி தொடுவதில்லை என்றும் வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைத் தவறவிடாத விவசாயக் குடும்பம் எங்களுடையது. அந்த ஏழு மாதமும், பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்தப் போகிறேன் என்று எழுந்து போவாள். சாத்த மாட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

ஏழாவது பௌர்ணமிக்கு முதல் நாள், அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு தீர்த்தக் குளத்தில் நான் தண்ணீர் எடுத்தேன். மறுபடி எழுதப்போகும் தேர்வுக்குப் பழகத்தான். பாதியைக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்தேன். மீதி பாட்டிலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் சாமி அலமாரியில் வைத்தேன். அங்கேதான் வெயில் நேராக விழாது, யாரும் ஆட்டவும் மாட்டார்கள்.

மலையைச் சுற்றிவிட்டுக் காலையில் வந்த அம்மா குளித்து முடித்துப் பாட்டிலைப் பார்த்தாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் குளத்தின் பேரைச் சொன்னேன். மகளுக்கும் பக்தி வந்துவிட்டதே என்று அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நான் வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் உள்ளங்கையில் ஊற்றி மூன்று முறை குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஐயோ, அதில் ஆயிரக்கணக்கில் உயிர் இருக்கிறது என்று உளறிவிட்டேன்.

அம்மா வீங்கிய முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "என்ன உயிருடி? கவிச்சியா, சைவமா?"

கவிச்சி என்றால் ஏழு பௌர்ணமியும் வீண். முதலிலிருந்து நடக்க வேண்டும். அந்த முட்டியைப் பார்த்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்று கல்லூரிக்கு ஓடினேன். அந்தத் தண்ணீரில் அதிகம் இருந்தது யூக்ளினா என்கிற, கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர். யூக்ளினா எங்கள் புத்தகத்தில் இருக்கிறது, நீந்துகிறது, ஆகவே விலங்கு என்றார் விலங்கியல் சார். பச்சையாக இருக்கிறது, வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது, அதனால் அது எங்களுடையது என்றார் தாவரவியல் மேடம். இரண்டு புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே படம். இத்தனை நாளும் பாகம் பிரிக்காத சொத்து போலிருக்கிறது.

அம்மா ரெண்டு பேரையும் நம்பவில்லை. விளக்கேற்றுவதை ஒத்திவைத்துவிட்டு மறுநாள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். பச்சையாய்ச் சாட்டை வைத்து நீந்துவது எது? யூக்ளினா. அதன் முன்னோர் எப்போதோ ஒரு பச்சைப் பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டதால் வந்த பச்சை அது. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓட்டுக்குள் இருப்பது? டயாட்டம். வேகமாக உருண்டு ஓடுவது? பரமீசியம். அது செருப்பு வடிவம் என்றுதான் பாடம். வெறுங்காலோடு ஏழு சுற்று நடந்தவளிடம் அதை மட்டும் சொல்லவில்லை. இதுகளுக்கெல்லாம் ஒரே ஒரு செல்தான், வாயும் வயிறும் அதற்குள்ளேயே என்றேன். செடியும் மிருகமும் நாமும் இதுமாதிரி ஒற்றைச் செல் வம்சங்களிலிருந்து பின்னால் கிளைத்து வந்தவர்கள். அதனால் கவிச்சி, சைவம் என்கிற பேச்சு இதுகளுக்குப் பொருந்தவே பொருந்தாது என்றேன். மணியைப் பார்த்தபோதுதான் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பரீட்சையில இதத்தான் கேட்டாங்களா?"

ஆமாம் என்றேன். பயத்தில் வாய் வரவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் முட்டியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்தாள். "விரதத்துல ஒண்ணும் கொற இல்ல. நான் வேண்டிக்கிட்டதுதான் தப்பு. படிப்பு வரணும்னு வேண்டிட்டேன். வாய் வரணும்னு வேண்டியிருக்கணும்."

அன்று மாலையே கோயிலில் விளக்கேற்றினாள். அதோடு விட்டாளா? அடுத்த பௌர்ணமிக்குப் புதிதாக ஒரு வேண்டுதல். இந்த முறை நடக்க வேண்டியது நான் மட்டும்தான். அம்மா அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் வழியில் முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் யூக்ளினாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, யார் என்ன கேட்டார்கள் என்று வந்து ஒப்பிக்க வேண்டும்.