இடுப்பில் ஏறும் எண்

எதிர்வீட்டுப் பட்டுக்கடைக்காரர் பருத்த மனிதர். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, நடக்கும் அடிகளை எண்ணும் சின்னக் கருவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். நின்று பேசும்போதும் கால்கள் நடந்துகொண்டே இருக்கும்; வரதராஜர் சன்னதியில்கூட அப்படித்தான். "இன்னிக்கு எவ்ளோ?" என்று தினமும் சீண்டுவேன்.

ஒருநாள் அவர் மனைவி, "சக்கர உடம்பு, கால்ல புண்ணு. நடக்க வேணாம்னு நீங்களாச்சும் சொல்லுங்க சார்" என்றார்.

"நேத்த விடக் கொறஞ்சிடுமே!" என்று சிரித்தேன். கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னுடைய அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புண் முற்றி, அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, கருவியை என் கையில் திணித்தார்.

"இத மாட்டிக்கினு ஒரு சுத்து போய்ட்டு வாங்க சார். காலைலருந்து சைபர்லயே நிக்குது."

இடுப்பில் மாட்டிக்கொண்டேன். வராந்தாவில் மூச்சிரைக்க நடந்துவந்து கொடுத்தேன். எண்ணைப் பார்த்தார்.

"அவ்ளோதானா சார்?"

மறுபடியும் நடக்கப் போனேன்.