முப்பத்தியாறு அங்குலம்

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனேன். ஒட்டகச்சிவிங்கிக்கு மாட்டியது போல பேசின் அத்தனை உயரம். கையை நீட்டியதும் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இராயபுரத்தில் இதே போல நனைந்த இன்னொரு ரவிக்கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் வடசென்னை டோல்கேட் பகுதியில் ஒரு இன்டீரியர் கடையில் படம் வரைகிறவள். வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் முகம் கழுவுவது குடத்துத் தண்ணீரில்தான். நான் ஊரார் பாத்ரூமுக்கு மர அலமாரி வரைந்துகொண்டிருந்தேன். சுருட்டிய படத்தோடு பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் என்னை இன்ஜினியர் என்று நினைக்க வேண்டும் என்பதற்காகவே முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வேன்.

கடைக்கு மரவேலை செய்தவர் தண்டையார்பேட்டை பாய். ஐம்பது வயதிருக்கும். தேக்குத் தூளும் பசையும் பீடியும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வரும். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் பறந்துவந்து பாலிஷில் ஒட்டாமலிருக்க, சுற்றிலும் ஈரத்துணி கட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுப்பார். இன்றைக்கும் மரக்கடை வாசலைத் தாண்டும்போது என் நடை தானாக மெதுவாகிவிடும்.

இராயபுரத்து வீட்டுக்காரர் துறைமுக ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். பத்திரிகையில் வந்த ஒரு படத்தைக் காட்டி, அதே போல மர அலமாரி, அதன்மேல் கிண்ணம் மாதிரி பேசின் வேண்டுமென்றார். அவரை நிற்கவைத்து அளவெடுத்தேன். அலமாரி மட்டும் முப்பத்தியாறு அங்குலம். அவர் மனைவி என் தோளுக்குக்கூட வரமாட்டார். காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

"அந்தம்மாவயும் ஒரு தபா நிக்க வெச்சிப் பாத்துக்கம்மா. மேல கிண்ணம் வேற கீது" என்றார் கூட வந்திருந்த பாய்.

"படத்துல போட்டபடி செய்யுங்க பாய், போதும்."

நானும் ஒரு பெண்தான். ஆனாலும் பேசுகிறவரைத்தான் அளந்தேன்.

அலமாரியைப் பொருத்திய அன்று அந்த அம்மாதான் முதலில் குழாயைத் திறந்தார். எக்கி நின்று கையை நீட்டினார். தண்ணீர் முழங்கைக்கு ஓடி, ரவிக்கை நனைந்து, தரையில் சொட்டியது.

"பரவால்லீங்க, முக்காலி போட்டு நின்னுக்கறேன்" என்றார் மெதுவாக.

"நீ சும்மா இரு. யாரு அளவெடுத்தது இது?" என்று கத்தினார் கணவர்.

என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை. "நான் சரியாத்தான் சார் போட்டேன். பாய்தான் தப்பா அறுத்துட்டாரு."

நான் வரைந்த படம், என் கையெழுத்தில் அந்த அளவோடு, நாலாக மடிந்து பாயின் சட்டைப்பையில் இருந்தது. மேல்நுனி வெளியே தெரிந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பையைத் தொடவில்லை.

"ஆமா சார், என் தப்புதான். நாளிக்கே எறக்கிக் குட்த்துடறேன்."

தெருவுக்கு வந்த பிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். "முக்காலி மேல ஏறி நின்னா வழுக்காதாம்மா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் அலமாரியின் கால்களை அறுத்து, கீழ் இழுப்பறையைக் கழற்றி, குழாயை இறக்கி, ஒருவழியாகச் சரிசெய்தார். ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் கடைக்கு போன் செய்துவிட்டார். "பாய்க்கு வயசாயிடுச்சி, கண்ணு சரியா தெரியல" என்றார் முதலாளி. நான் பக்கத்தில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமென்று இரண்டு மூன்று முறை அவர் அறை வாசல்வரை போனேன். போய் அந்த மாத லீவு பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன். பாய்க்கு வேலை குறைந்தது. அடுத்த ரம்ஜானுக்குள் அவர் கடைக்கு வருவதே நின்றுபோனது.

மண்டபத்திலிருந்து வந்த மறுநாளே தண்டையார்பேட்டைக்குப் போனேன். டோல்கேட்டில் எங்கள் கடை இல்லை. பாய் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசை இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். இராயபுரத்தில் அந்த அம்மாவின் வீட்டையும் இடித்துவிட்டார்களாம். தெருமுனை டீக்கடைக்காரரிடம், இங்கே மரவேலை செய்த பாய் எங்கே என்று விசாரித்தேன்.

"எந்த பாய்மா? இந்தத் தெருவுல பாதிப் பேரு பாய்தான். பேரு இன்னா, சொல்லு."

கடையில் எல்லாருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். கூட வேலை செய்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நான் பேரைக் கேட்டிருக்கவில்லை.